லாரியில் குடித்தனம்: சங்ககிரியிலிருந்து ஷோபியான் வரை

சின்னவளும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, இவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று பேச்சு வந்தது. அப்படித்தான் வீட்டுக்காரரோடு லாரியில் ஏறினேன். அவருடையது சொந்த வண்டி, பன்னிரண்டு சக்கரம். முன்பெல்லாம் கூடவே ஒரு கிளீனர் போவார். இப்போது அந்த வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் காஷ்மீர் லைன் என்றால் யோசிக்கிறார்கள். "ஏனுங்க, நான் வரட்டுங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "சமாளிச்சுக்குவியா புள்ள, வெயிலு குளிரு ரெண்டும் இருக்குமே" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் தாஜ்மகால் பார்த்தாயா, பனி பார்த்தாயா என்று கேட்கிறார்கள். ஆக்ராவைத் தாண்டினோம், தாஜ்மகால் பக்கம் போகவில்லை. நான் பார்த்தது வேறு. லாரி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம், அந்த நிற்கிற நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. இத்தனை வருஷம் லாரிக்காரர் வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது.

பொள்ளாச்சியில் தேங்காய் லோடு, டெல்லி ஆசாத்பூர் மண்டிக்கு. சங்ககிரி வழியாகத்தான் போகிறது என்பதால் சாமான்களை வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டோம். புழுங்கல் அரிசி ஒரு சிப்பம், துவரம்பருப்பு, கொள்ளு, புளி, வெயிலில் காயவைத்த கறிவேப்பிலை, சுண்டைக்காய் வற்றல், ஊறுகாய். வடக்கே போனால் பச்சரிசிதான் கிடைக்கும், அது இவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஐந்து கிலோ சிலிண்டரும் அடுப்பும் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில். கேபினில் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற மாதிரி பலகை, அதற்கு ஒரு திரை. இரவில் எனக்குப் பலகை, அவருக்கு முன் சீட்டுகளின் குறுக்கே ஒரு கட்டை போட்டு மெத்தை. துணி மூட்டை தலையணை ஆகிவிட்டது. இஞ்சின் சூடு காலடியிலேயே இருக்கும், மத்தியானத்தில் கேபினுக்குள் உட்கார முடியாது. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் பெரிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. எங்களுடையது பழைய வண்டி, ஜன்னல் காற்றுதான். அந்தச் சட்டம் எப்போதோ வந்திருக்க வேண்டியது.

பவானிப் பக்கம் காவிரியைத் தாண்டியது மட்டும் நான் எப்போதும் பார்க்கிற ஆறு. அப்புறம் பெங்களூர் கடந்து 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையிலேயே வடக்கே ஏறினால் துங்கபத்திரை, கிருஷ்ணா, கோதாவரி, பெங்கங்கா, நர்மதை, சம்பல், யமுனை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த ஆறு எல்லாம் வரிசையாக வருகின்றன. நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டில் ரோட்டையே தூண் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், புலியும் மானும் கீழே கடந்து போகட்டும் என்று. மகாராஷ்டிரா பக்கம் மட்டும் அப்படி ஒன்பது பாலங்கள். புலி அதன் வழியாக நடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று இவர் சொன்னதும் நான் வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை.

நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவர் முதலில் செய்கிற வேலை டயர் தட்டுவதுதான். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்குவார். பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கிற டயர்களில் உள்பக்கம் இருப்பது கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாது, அதனால் கம்பியை உள்ளே விட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். காற்று சரியாக இருந்தால் கம்பி டங்கென்று துள்ளித் திரும்பும். இறங்கியிருந்தால் மொத்தென்று விழும். ஆதிலாபாத் பக்கம் இரவு ஒரு டயர் அப்படி மொத்தென்றது. கழற்றினால் உள்ளே ஆணி. அப்படியே ஓட்டியிருந்தால் சூடேறி வெடித்திருக்கும், பக்கத்து டயரையும் கொண்டு போயிருக்கும். அதற்குப் பிறகு நானும் தட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான்.

சமையல் பெரும்பாலும் ராத்திரி நிறுத்தத்தில்தான். காற்று அடுப்பை அணைத்துவிடும் என்பதால் இரண்டு சக்கரத்துக்கு நடுவே அடுப்பை வைத்து, கிழிந்த தார்ப்பாய்த் துண்டை மறைப்பாகக் கட்டிக்கொள்வோம். எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம் லாரிக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளித்து, அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விட்டால் முடிந்தது, கழுவவும் ஒரே பாத்திரம்தான். ஜான்சி தாண்டி ஒரு தாபாவில் நிறுத்தியிருந்தபோது தாளிக்கிற வாசம் பிடித்தே இரண்டு டிரைவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் டி.என். 34 வண்டி, திருச்செங்கோட்டுக்காரர். இன்னொருவர் கரூர். "அக்கா, ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு ஒரு மாசமாச்சு" என்றார் கரூர்த் தம்பி. இருந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டோம். அந்தத் தம்பிக்குப் பிறந்த குழந்தையை இன்னும் நேரில் பார்க்கவில்லையாம், போனில் காட்டினார்.

பெண்கள் யாராவது இப்படிக் கிளம்புகிறீர்கள் என்றால் குளியல், கழிப்பறை விஷயத்தை முதலிலேயே யோசியுங்கள், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும். ஆண்கள் தாபாவின் தண்ணீர்த் தொட்டியில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றே குளித்துவிடுகிறார்கள். எனக்குக் கதவு வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும். டோல்கேட் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது, ஆனால் லாரியை அங்கே நிறுத்த இடம் கிடைப்பது சந்தேகம். பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்காகவே படுக்கை, குளியலறை, சமைத்துக்கொள்ள இடம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று வந்தால் அன்று எனக்குத் திருநாள். அது இல்லாத தூரங்களில் விடிகாலை நான்கு மணிக்கு, ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்பே பங்கில் கேட்டுக் குளித்துவிடுவேன். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள், நீர்க்கடுப்பு வந்தால் மருந்துக் கடையைத் தேடி ஊருக்குள் போகவும் முடியாது. மாதவிலக்கு நாட்களுக்கென்று தனிப் பை, பழைய செய்தித்தாள், மூடி போட்ட ஒரு டப்பா வைத்துக்கொண்டேன், அது ரொம்ப உதவியது.

சரி, நிற்கிற கதைக்கு வருகிறேன். டெல்லிக்குள் பகலில் லாரிக்கு அனுமதி கிடையாது, அதனால் டெல்லி எல்லையில் இருக்கிற குண்ட்லியில் நின்றோம். இரவு மண்டிக்குள் போனால், இறக்க ஆள் இல்லை, நாளைக்கு என்றார்கள். நாளைக்குப் போனால் மறுபடி நாளைக்கு. தீபாவளி நேரம், எங்களைப் போல வரிசையாக வண்டிகள். ஒரு நாளைக்கு மேல் நிறுத்தினால் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் காசு, தர வேண்டும் என்பது வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டதுதான், கடைசியில் அதில் பாதிகூட வரவில்லை. நின்றாலும் வண்டித் தவணை நிற்காது. இன்சூரன்ஸ், காலாண்டு வரி, பெர்மிட் எதுவும் நிற்காது. லோடோடு போனால் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, டீசலும் டோலும் போக மிஞ்சுவதே கொஞ்சம், அதையும் இந்தக் காத்திருப்பு தின்றுவிடுகிறது. அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அடுத்த லோடு தரமாட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை. தேங்காய் கெட்டால் வியாபாரி நஷ்டம் கேட்கிறார், டிரைவரின் நாள் கெட்டால் யாரைக் கேட்பது?

அங்கிருந்து ஜம்முவுக்கு ஒரு பார்சல் லோடு, பிறகு ஆப்பிளுக்காக மேலே. செனானி–நஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 2017-ல் திறந்தது. அதற்கு முன்பு பட்னிடாப் மலையைச் சுற்றித்தான் ஏற வேண்டும், பனி விழுந்தால் அவ்வளவுதான் என்று அந்தக் காலக் கதைகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர், அதைத் தாண்டி வெளியே வந்ததும் காஷ்மீர் பள்ளத்தாக்கு. ஷோபியான் பக்கம் தோட்டங்களில் டெலிசியஸ் ஆப்பிளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உப்பு போட்ட டீ கொடுத்தார், ரோஜா நிறத்தில். மொழி ஒன்றும் புரியவில்லை, குழந்தைகள் எத்தனை என்று விரலைக் காட்டித்தான் பேசினோம். முகம் கழுவவும் குளிக்கவும் வெந்நீர் வைத்துத் தந்தார். அந்த அம்மாவை மறக்க மாட்டேன்.

இறங்கும்போது காசிகுண்டில் மறுபடி வரிசை. ராம்பன் பக்கம் மலை சரிந்துகொண்டே இருக்கும், அதனால் கனரக வண்டிகளை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விடுவதில்லை, போலீஸ் அன்றன்று சொல்கிற பக்கம்தான். போன மாதங்களில் நடந்ததை அங்கே நின்ற பஞ்சாப் டிரைவர் ஒருவர் சொன்னார். 2025 ஆகஸ்ட் கடைசியில் மழையில் ரோடு போய், செப்டம்பர் பாதி வரை பெரிய வண்டிகள் போக வழியில்லாமல் ஆப்பிள் லாரிகளிலேயே அழுகியது. பட்காமிலிருந்து டெல்லிக்கு ஆப்பிளுக்காகவே பார்சல் ரயில் விட்டது அப்போதுதான். அழுகிய பழத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், வண்டியிலேயே கிடந்தவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. எங்களுக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் குளிரில் கேபினுக்குள் இரண்டு போர்வை போர்த்தி, வரிசை நகருமா என்று பார்த்துக்கொண்டே கிடந்தோம்.

இறக்க வேண்டியது மதுரையில். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு, அங்கே நடக்கிற விபத்துகளுக்கு அதுவும் ஒரு காரணம். இவர் மேலேயே கியரைக் குறைத்து, நடை வேகத்தில் இறக்கினார், பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. சேலத்தில் திரும்பினால் வீடு. பழம் இருக்கிறதே, நேராக நாமக்கல் ரோட்டில் போய்விட்டோம். பெரியவளுக்குப் போன் போட்டு, சேலம் தாண்டுகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

பொங்கல் கழித்து குஜராத்துக்கு ஒரு லோடு பேசுகிறார். நானும் போகிறேன். இந்தத் தடவை ஹால்டிங் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு என்பதை பில்டியிலேயே (லோடுக்குப் போடுகிற ரசீது) எழுதி வாங்கிக்கொண்டுதான் தார்ப்பாய் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். கதவும் தாழ்ப்பாளும் உள்ள குளியலறை எந்தெந்தப் பங்கில் இருக்கிறது என்று ஓசூரிலிருந்து ஜம்மு வரை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், கிளம்புகிற பெண்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.