மிஸ்டர் ஆனந்த் என்பவர் என் அப்பா

"அமைச்சர் உங்களுக்கு உறவா?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கனடாவின் வெளியுறவு அமைச்சர் அனிதா ஆனந்தைச் சொல்கிறார். நானும் ஆனந்த், அதாவது, இந்த நாட்டில். ஊரில் ஆனந்த் என்றால் அப்பா. என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக அடக்கமாக உட்கார்ந்திருந்தவர், டொராண்டோவில் இறங்கியதும் குடும்பப் பெயராகி என்னை ஓரங்கட்டிவிட்டார்.

ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்பது இவர்கள் கணக்கு. நம் கணக்கு அப்படியா? சதுரங்கத்து விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆனந்த் சொந்தப் பெயர், விஸ்வநாதன்தான் அப்பா. நடிகர் தேவ் ஆனந்துக்கும் எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்துக்கும் அது பஞ்சாபிக் குடும்பப் பெயர். அமைச்சரின் தாய் பஞ்சாபி, தந்தை தமிழர். அங்கும் ஓர் இனிஷியல்தான் வளர்ந்து நிற்கிறது என்பது என் ஊகம். இவ்வளவையும் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் கணினிக்குத் திரும்பிவிட்டார்.

உறவுக் கேள்வி போகட்டும். கண்டவர்களும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. வங்கியில் ஆனந்த், பல் மருத்துவரிடம் ஆனந்த். அம்மா ஒரு நாளும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் "குடும்பத் தலைவர் பெயர்?" என்று கேட்டால், சர்க்கரைப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு முழங்கையால் என்னை இடிப்பார். நான்தான் சொல்ல வேண்டும். அதையும் மெதுவாக.

இப்போது பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மனைவிக்கும் அவள் அப்பா பெயரே கடைசிப் பெயர் என்பதால், தபால் பெட்டியைத் திறந்தால் அப்பாவும் மாமனாரும் ஜோடியாக வருகிறார்கள். மின்கட்டணம் அப்பாவுக்கு, நூலக அபராதம் மாமனாருக்கு. சிரித்துக்கொண்டே பிரிக்கிறேன், உறையில் அப்பா பெயரைப் பார்த்ததும், யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரிப்பதுபோல் கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

தொலைபேசியில் அப்பாவிடம் அமைச்சர் கதையைச் சொன்னேன். மயிலாடுதுறையில் பிறந்த ஒருவர் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, ஏதோ தானே காய் நகர்த்தியதுபோல் செய்தித்தாளோடு தெருவைச் சுற்றியவர் அவர்.

"எந்த ஊராம்?"

"கனடாவிலேயே, நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர், அப்பா."

"அது கிடக்கட்டும். பூர்வீகம் மாயவரம் பக்கமா என்று விசாரி."