ஸ்டிரைக் வந்தால் தலைவர் என்ன செய்தார்?

அக்கா பையன் சாப்பாட்டு நேரத்தில் போனை என் தட்டுக்கு நேரே நீட்டுகிறான். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் புர்கினா பாசோவின் ராணுவத் தலைவர் இப்ராஹிம் திராவோரே ராணுவ உடையில் பேசுகிறார், பின்னால் ஏதோ குத்துப்பாட்டு. "நமக்கும் இப்படி ஒருத்தர் வேணும் மாமா!"

நாங்கள் ராயபுரம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஸ்டிரைக் என்றால் வீட்டில் மூணு வேளையும் கஞ்சிதான். அதனால் எந்தத் தலைவரைப் புகழ்ந்தாலும், ஸ்டிரைக் வந்தபோது அந்த ஆள் என்ன செய்தார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இப்படிப் புகழப்படும் ஆப்பிரிக்கத் தலைவர்களில் மூத்தவர், கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ருமா. அவர் வளர்ந்ததே ஸ்டிரைக்கில்தான். 1950 ஜனவரியில் பொது வேலைநிறுத்தம், சிறை, சிறையில் இருந்தபடியே 1951 தேர்தல் வெற்றி. 1957இல் கானாவுக்கு விடுதலை. அப்புறம் 1961இல் சம்பளத்தில் கட்டாயச் சேமிப்பு என்று பட்ஜெட் போட்டார். செகொண்டி-தகோராடியில் ரயில்வேக்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். சந்தைப் பெண்கள் சோறு போட்டு அவர்களைத் தாங்கினார்கள். (காசிமேட்டுப் பெண்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.) நிக்ருமாவோ சங்கத் தலைவர்களை விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளினார், அதற்கான சட்டத்தை 1958லேயே போட்டு வைத்திருந்தார். பையனுக்குப் பிடித்த, அதே புர்கினா பாசோவின் பழைய தலைவர் தாமஸ் சங்காராவும் 1984இல் ஸ்டிரைக் செய்த ஆசிரியர்களை ஆயிரத்துக்கும் மேல் வேலையை விட்டுத் தூக்கியவர்தான். 1918லேயே சங்கம் கட்டிய பெரம்பூர் மில் பக்கத்து ஆட்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதற்காக நிக்ருமா சொன்னதெல்லாம் வீண் என்று ஆகாது. தனித்தனியாக நின்று விற்றால் விலையை வாங்குகிறவன்தான் வைப்பான், ஆப்பிரிக்கா ஒன்றாக நிற்க வேண்டும் என்றார். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவது கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும். 2019இல் இரண்டும் கைகோத்து, விவசாயிக்காக டன்னுக்கு 400 டாலர் கூடுதலாக வேண்டும் என்று அறிவித்தன. வாங்குகிறவர்கள் அதைக் கொடுத்தார்கள்; தரத்துக்காகத் தந்துகொண்டிருந்த இன்னொரு தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். துறைமுகச் சரக்கை சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸில் எனக்கு இந்த வித்தை தினமும் பழக்கம், ஒரு பில்லில் கொடுத்ததை அடுத்த பில்லில் பிடித்துவிடுவார்கள். கோகோ விளைக்கிற நைஜீரியாவும் கேமரூனும் சேர்ந்து நாலு நாடாக நின்று பேரம் பேசினால் அப்படிப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டமாகும்.