முதல்ல கையைப் பாரு

மதுரையில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீசியனாகச் சேர்ந்த புதிதில், எங்கள் சீனியர் சிஸ்டரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். வாரத்துக்கு 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் ஊசியோடு கிடக்கிறவர்கள் நடுவில் நின்றுகொண்டு அந்த அக்கா ஓயாமல் கிண்டலடிப்பார். அடுத்தவர் கஷ்டம் தெரியாத ஆள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். மேலூர் பக்கத்து அண்ணன் ஒருவர் எடை பார்க்க ஏறி நின்றார். 60 கிலோ இருக்க வேண்டியவர், 64 காட்டியது. சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். "ஒரு டம்ளர் மோர்தான்" என்றார், தரையைப் பார்த்தபடி. நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அக்கா,

"என்னண்ணே, அழகர் ஆத்துல இறங்குனாரா, இல்ல வைகையே உங்க வயித்துல இறங்கிருச்சா?"

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே உண்மையும் வந்தது. தல்லாகுளம் எதிர்சேவையில் நீர்மோர், பானகம், போதாததற்கு 2 இளநீர்.

அந்த இளநீர்தான் விஷயம். அதில் பொட்டாசியம் அதிகம். கிட்னி போனவருக்கு அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம். அக்கா உடனே ஈசிஜி எடுக்க வைத்தார், ரத்தம் சோதனைக்குப் போனது. நான் திட்டியிருந்தால் அந்த மனிதர் கடைசிவரை மோரோடு நின்றிருப்பார். சேர்ந்த நீரையும் ஒரே மூச்சில் எடுத்துவிட முடியாது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 13 மில்லி என்பது நாங்கள் தாண்டாத அளவு. அவருக்கு 4 மணி நேரத்தில் 3 லிட்டர் சொச்சம். மீறினால் பிரஷர் விழும், கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். "நாளைக்கும் வந்துருங்கண்ணே, பூப்பல்லக்கு பாக்கி இருக்குல்ல" என்று அனுப்பி வைத்தார்.

சரி, நாமும் இப்படிப் பேசிப் பார்ப்போம் என்று எனக்கு ஆசை. சில வாரம் கழித்து உசிலம்பட்டிப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்ததும், "என்ன பெரியப்பா, மூஞ்சி உர்ருன்னு இருக்கு? வீட்ல சண்டையா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அக்கா வந்தார். "முதல்ல கையைப் பாருடா" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவரது இடது கையில் 2 விரலை வைத்தார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம் அது, ஃபிஸ்டுலா என்போம். ரத்தம் ஓடினால், மடியில் படுத்த பூனை உறுமுவது போல விரலுக்கடியில் அதிரும். அன்று அதிரவில்லை.

"எப்ப நின்னுச்சு பெரியப்பா?"

"ராத்திரி காதுல வச்சுப் பாத்தேன் ஆத்தா. சத்தம் இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு கிண்டலுக்கும் முன்னால் அக்காவின் விரல் யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது. நான் கிண்டலை மட்டும் கேட்டிருக்கிறேன்.

அடைப்பு நாள்பட்டால் அந்த ஃபிஸ்டுலா மறுபடி உதவாது. அக்கா சர்ஜனுக்குப் போன் போட்டார். திரும்ப அழைப்பு வரும்வரை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சே இல்லை. ஸ்ட்ரெச்சர் வந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"இனிமே அந்தக் கையைத் தலைக்கு வச்சுத் தூங்கக் கூடாது. தலகாணி நான் வாங்கித் தாரேன்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "வாங்குறதுதான் வாங்குற, போடி இலவம்பஞ்சா வாங்கு ஆத்தா."