பர்ஸில் இருந்த கெய்ரோ

கெய்ரோவில் இறங்கிய முதல் இரவே ஏமாந்தோம். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சிக்குக் கொடுத்தது போக எங்களுக்கு 50 பவுண்டு மீதி வர வேண்டும். ஓட்டுநர் இருட்டில் ஒரு தாளை அக்காவின் கையில் திணித்து, நெஞ்சில் கை வைத்து வரவேற்று, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று நான் வேறு சொன்னேன்.

விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெரியவர்தான் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். அது 50 பவுண்டு இல்லை, 50 பியாஸ்டர். நூறு பியாஸ்டர் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. எங்கள் கையில் இருந்தது அவர்கள் பேச்சில் 'நுஸ் கினே', அரைப் பவுண்டு. நம் காசுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது.

தப்பு முழுக்க டாக்சிக்காரருடையது என்றும் சொல்ல முடியாது. எகிப்திய நோட்டின் ஒரு பக்கத்தில்தான் ஆங்கிலம். மறுபக்கம் முழுக்க அரபி, எண்கள் உட்பட. அந்த எண்கள் நாம் பழகியவை இல்லை. ஐந்து நம் பூஜ்யம் மாதிரி இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறைப் பார்த்தால் ஏழு என்று தோன்றும். ஐம்பது என்பது ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு புள்ளியும். பவுண்டு ஐம்பதிலும் அதே வட்டம், புள்ளி. பியாஸ்டர் ஐம்பதிலும் அதே. பியாஸ்டர் தாள் அளவில் சிறியதுதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே சிறியது பெரியது தெரியும்?

பெரியவர் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒவ்வொரு நோட்டாக எடுத்து, அரபிப் பக்கம் மேலே இருக்கும்படி வரிசையாக வைத்தார். "எண்ணைப் பார்க்காதீர்கள் மேடம், பள்ளிவாசலைப் பாருங்கள்" என்றார். அப்போதுதான் கவனித்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளிவாசல். ஏமாற்றிய அரைப் பவுண்டில் அல் அஸ்ஹர். ஒரு பவுண்டில் காய்த்பாய். ஐந்தில் இப்னு துலூன். பழைய பத்தில் ரிஃபாயி. இருபதில் முகம்மது அலி. ஐம்பதில் கிஜ்மாஸ் அல் இஸ்ஹாக்கி. நூறில் சுல்தான் ஹசன். இருநூறில் கானிபாய். திருப்பினால் ஆங்கிலப் பக்கத்தில் ஸ்பிங்ஸ், அபு சிம்பல், எழுத்தர் சிலை என்று ஃபாரோக்கள் காலத்துச் சமாச்சாரங்கள். வெளியூர்க்காரர்கள் படிக்கும் பக்கத்தில் ஃபாரோ, உள்ளூர்க்காரர்கள் படிக்கும் பக்கத்தில் பள்ளிவாசல்!

அக்கா நோட்டுகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டி, பேசாம இந்த எட்டையும் போய்ப் பாத்துட்டா என்ன?" என்றாள். எங்களிடம் உருப்படியான பயணத் திட்டம் எதுவும் இல்லை. சரி என்றேன். (பிரமிடுகளையும் பார்த்தோம். அதைப் பற்றி எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.)

வரைபடத்தில் குறித்தபோது ஒரு வசதி தெரிந்தது. எட்டில் ஆறு கிட்டத்தட்ட ஒரே நடையில் வருகிறது. பழைய கெய்ரோவின் தெற்கு வாசலான பாப் ஸுவைலாவில் தொடங்கி, தர்ப் அல் அஹ்மர் பகுதி வழியாகக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து மேற்கே சலீபா தெருவில் இறங்கினால் இப்னு துலூன். காய்த்பாயும் அல் அஸ்ஹரும் மறுநாளைக்கு.

பாப் ஸுவைலா 1092இல் கட்டிய வாசல். அதன் மேல் நிற்கும் இரண்டு மினாராக்களும் பக்கத்திலுள்ள முஅய்யத் பள்ளிவாசலுக்குச் சொந்தம். அதுவரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கடைசி சுல்தான் தூமான்பாயை 1517இல் துருக்கியின் உதுமானியர்கள் தூக்கிலிட்டது இந்த வாசலில்தான். இப்போது அதன் கீழே மோட்டார் சைக்கிள்கள் இடித்துக்கொண்டு போகின்றன. ஒரு பையன் தலையில் பெரிய மரத்தட்டு நிறைய ரொட்டியை அடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சைக்கிள் ஓட்டிப் போனான். அக்கா நின்று பார்த்தது அவனைத்தான்.

முதல் நோட்டு ஐம்பது. கிஜ்மாஸ் அல் இஸ்ஹாக்கி பள்ளிவாசல், 1481. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் முழித்தார்கள். பிற்பாடு அங்கே அடக்கமான ஒரு பெரியவர் பெயரால் 'அபூ ஹுரைபா' என்றால்தான் தெரிகிறது. அதுவும் தெரியாதவர்களிடம் அக்கா நோட்டை நீட்டிப் படத்தைக் காட்டினாள். ஒருவர் அதைக் காசு என்று நினைத்து வாங்கிக்கொள்ளப் பார்த்தார். அப்புறம் புரிந்து, சிரித்து, கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். எங்களைப் பார்த்ததும் "ஹிந்தி (இந்தியரா)? அமிதாப் பச்சன்!" என்று கூவியவர்கள் அந்தத் தெருவில் மட்டும் மூன்று பேர்.

இரண்டு தெருக்கள் பிரியும் முனையில் இடம் குறுகல். அதனால் கீழே கடைகள், மேலே பள்ளிவாசல். உள்ளே காவலர் ஒருவர்தான் இருந்தார். துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு உள்ளே போனோம். அவர் விரல் நீட்டி, தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் பளிங்கு வேலையைக் காட்டினார். செய்த கலைஞன் அப்துல் காதிர் அன்னக்காஷ் அதற்குள்ளேயே தன் பெயரைப் பொறித்திருக்கிறான். ஒருமுறை நேராக, ஒருமுறை கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக. சுல்தான்கள் பெயர் வாசலுக்கு மேல் அத்தனை பெரிதாக இருக்கும் ஊரில், கைவேலைக்காரன் பெயர் தொழுகிறவர் கண்ணுக்கு நேராக. எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த இடம் இந்த நாலடிதான். பிறகு காவலர் தொழுகைப் பாயின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருந்த பளிங்குத் தரையையும் காட்டினார்.

இங்கேதான் பக்ஷீஷ் பற்றிச் சொல்ல வேண்டும். பூட்டைத் திறந்தால், செருப்பைப் பார்த்துக்கொண்டால், பாயைத் தூக்கினால் ஏதாவது தர வேண்டும். அதைப் பிச்சையாகவோ லஞ்சமாகவோ நினைத்தால் நடை முழுக்க எரிச்சலாகிவிடும். சிக்கல் என்னவென்றால் சில்லறை. அரபியில் 'ஃபக்கா'. இருநூறு நோட்டை நீட்டினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மாஃபீஷ் ஃபக்கா", சில்லறை இல்லை. மீதி வராது. அதனால் காலையிலேயே கோஷாரிக் கடையில் பெரிய நோட்டை மாற்றிவிடுவோம். சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் முறுகப் பொரித்த வெங்காயமும். கேட்க விநோதமான கூட்டணி, ஆனால் பூண்டும் வினிகரும் கலந்த 'தக்கா'வை ஊற்றிப் பிசைந்தால் நம் நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

தெரு மெல்ல மேடேறி கோட்டைக்குக் கீழே ஒரு பெரிய சதுக்கத்தில் முடிகிறது. அங்கே பர்ஸிலிருந்து மூன்று நோட்டுகளை ஒரே சமயத்தில் எடுக்கலாம். கானிபாய் பூட்டியிருந்தது. இரட்டைத் தலை மினாராவை வெளியிலிருந்தே பார்த்து இருநூறைக் கணக்கில் கழித்தோம்.

நூறும் பத்தும் எதிரெதிரே நிற்கின்றன. சுல்தான் ஹசன் நுழைவாயிலுக்குப் போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் எங்களை நிறுத்தி, "தொழுகை நேரம், நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை என் மாமா கடையில் டீ குடியுங்கள்" என்றார். நம்பிப் போனோம். வாசனைத் திரவியக் கடை. முக்கால் மணி நேரம் மல்லிகை, தாமரை என்று எங்கள் மணிக்கட்டில் தடவினார்கள். ஒரு குப்பியும் வாங்காமல் வெளியே வர அக்காவால்தான் முடிந்தது. திரும்பி வந்தால் வாசல் திறந்தே இருக்கிறது. யாராவது மூடியிருக்கிறது என்று சொன்னால் வாசல்வரை போய் நீங்களே பார்த்துவிடுங்கள்.

சுல்தான் ஹசனில் நேராக உள்ளே போக முடியாது. வானத்தை மறைக்கும் வாசல், பிறகு இருட்டான நடை, வளைவு, மறுபடி நடை. கண் இருட்டுக்குப் பழகும் நேரத்தில் சட்டென்று வெயில் கொட்டும் முற்றம். நாலு பக்கமும் நாலு பிரம்மாண்டமான வளைவுகள், சன்னி இஸ்லாத்தின் நான்கு சட்டப் பள்ளிகளுக்கும் பக்கத்துக்கு ஒரு மதரஸா. உயரத்திலிருந்து தொங்கும் விளக்குச் சங்கிலிகள் காற்றில் லேசாக ஆடின. 1356இல் வேலை தொடங்கியது. அதற்குச் சில வருடம் முன்புதான் பிளேக் ஊரை அழித்திருந்தது. வாரிசில்லாமல் இறந்தவர்களின் சொத்து அரசுக்கு வந்து, அதில் கட்டியது என்பார்கள். 1361இல் ஒரு மினாரா சரிந்து சுமார் 300 பேர் இறந்தார்கள். சீக்கிரமே சுல்தானையும் கொன்றுவிட்டார்கள், உடல் கிடைக்கவே இல்லை. இத்தனை பெரிய கல்லறை மண்டபத்தைக் கட்டியவன் அதற்குள் இல்லை. பிற்காலக் கலகங்களில் இதன் கூரையில் ஏறி எதிரே கோட்டையைத் தாக்கியிருக்கிறார்கள். வெறுத்துப்போன சுல்தான் பர்கூக் மேலே ஏறும் படிகளையே இடித்துவிட்டாராம்.

எதிரே ரிஃபாயி பழசு மாதிரி தோன்றும், ஆனால் 1912இல்தான் முடிந்தது. ஈரானின் கடைசி ஷாவும் எகிப்தின் அரசர் ஃபாரூக்கும் அங்கே அடக்கம். புதிய பிளாஸ்டிக் பத்திலிருந்து ரிஃபாயியை எடுத்துவிட்டு, பாலைவனத்தில் எழும் புதுத் தலைநகரின் பள்ளிவாசலைப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க நாங்கள் போகவில்லை. நம் ஊரிலும் 1954இல் வந்த ஆயிரம் ரூபாய்த் தாளில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது, அப்புறம் போய்விட்டது. நோட்டில் இடம் என்பது அவ்வளவுதான்.

கோட்டை வாசலில் அக்கா பெருமையாக நோட்டுகளை எண்ணி நீட்டினாள். சீட்டுக் கொடுப்பவர் தலையை ஆட்டினார். கார்டு மட்டும்தான். நோட்டைப் பார்த்து நோட்டைப் பார்த்து இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களிடம் நோட்டு செல்லாது என்றால் எப்படி இருக்கும்? என் கார்டைத் தேய்த்து உள்ளே போனோம். இருபது பவுண்டு முகம்மது அலி பள்ளிவாசல் தூரத்திலிருந்து பார்க்கத்தான் அழகு. முற்றத்தில் ஒரு கடிகாரக் கோபுரம் நிற்கிறது. பாரிஸில் நிற்கும் எகிப்தின் லக்ஸர் கோயில் தூணுக்குப் பதிலாகப் பிரான்ஸ் கொடுத்தது. அது ஒழுங்காக ஓடிய காலம் ரொம்பக் குறைவு. அங்கேயும் மீதிச் சில்லறை சரியாக வரவில்லை என்றாள் அக்கா.

இப்னு துலூனுக்கு வரும்போது கால் கெஞ்சியது. வாசலில் செருப்பின் மேல் துணி உறையை மாட்டிவிட்டார்கள். மற்ற எல்லாம் கல்லால் வானத்தைத் தொடப் பார்த்தவை. இது செங்கல்லில், தரையோடு தரையாக விரிந்து கிடக்கிறது. 879இல் முடிந்தது, கெய்ரோ என்ற ஊர் பிறப்பதற்கே 90 வருடம் முன்பு. முற்றத்தின் நடுவே உள்ள குவிமாடத்தைக் கட்டிய லாஜீன், ஒரு சுல்தானின் கொலையில் பங்கெடுத்துவிட்டு, அப்போது பாழடைந்து கிடந்த இந்தப் பள்ளிவாசலில் ஒளிந்திருந்தவன். பிழைத்தால் இதைச் சீர்செய்வேன் என்று நேர்ந்துகொண்டானாம். சுல்தானாகி, 1296இல் செய்தும் காட்டினான். வெளிப்பக்கம் படி சுற்றிப்போகும் மினாராவில் ஏறி, அந்தக் குவிமாடத்துக்கு நேரே ஐந்து பவுண்டு நோட்டை நீட்டிப் பிடித்தோம். அக்கா பிடித்தாள், நான் படம் எடுத்தேன். காற்றில் நோட்டு துடித்துக்கொண்டே இருந்ததால் ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை.

மறுநாள் காலை கல்லறைகளுக்கு நடுவே குடும்பங்கள் குடியிருக்கும் வடக்கு மயானத்துக்குப் போய் ஒரு பவுண்டைப் பார்த்தோம். காய்த்பாய் குவிமாடத்தின் கல்லில் நட்சத்திரக் கோலமும் பூக்கொடியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்தது. ஊரில் மிகக் குறைந்த மதிப்புள்ள பவுண்டு நோட்டில் இருப்பது இந்தக் குவிமாடம்.

கடைசியாக அல் அஸ்ஹர். வெளியே வரும்போது செருப்பு பார்த்துக்கொண்ட தாத்தாவுக்கு இருபது பவுண்டு கொடுத்துவிட்டு, கூடவே அந்த அரைப் பவுண்டுத் தாளையும் அக்கா நீட்டினாள். அவர் இருபதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அரைப் பவுண்டைப் புரட்டிப் பார்த்து, படத்தையும் தன் பின்னால் இருந்த வாசலையும் ஒருமுறை பார்த்து, அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மாஃபீஷ் ஃபக்கா" என்றார்.