99 சதவீத மூளைக் கட்டி

இன்னொரு இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வந்திருக்கு. எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து மூளைக் கட்டி எந்த வகைன்னு சொல்லுற கம்ப்யூட்டர் மாடல். துல்லியம் 99 சதவீதமாம்.

டேட்டா? எல்லாரும் எடுக்கிற அதே தொகுப்புதான். சீனாவில் குவாங்சோ, தியான்ஜின் மருத்துவமனைகளில் 2005 முதல் 2010 வரை சேர்த்தது. மூணு வகைக் கட்டி: க்ளியோமா 1426, பிட்யூட்டரி கட்டி 930, மெனிஞ்சியோமா 708. மொத்தம் 3064 படங்கள். ஆனா நோயாளிகள் 233 பேர்தான்! ஒரே தலையை அடுக்கடுக்கா எடுத்த படங்கள். அதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கலைச்சுப் பிரிச்சா, ஒருத்தரோட ஒரு அடுக்கு மாடல் கத்துக்கிற பயிற்சிக்குப் போகும், பக்கத்து அடுக்கு அதுக்கு மார்க் போடுற சோதனைக்கு வரும். கொஸ்டின் பேப்பர் அவுட் ஆன பரீட்சை மாதிரி.

அதோட, கட்டியே இல்லாத மூளைன்னு அந்தத் தொகுப்புல ஒரு வகையே கிடையாது. நல்லா இருக்கிறவங்க படத்தைக் கொடுத்தாலும் மூணுல ஒரு பேரைச் சொல்லியே தீரும். ரிப்போர்ட் தலைப்புல மட்டும் 'கண்டறிதல்' கொட்டை எழுத்துல இருக்கு. (கைடு படிச்சாரான்னு கேட்காதீங்க.)

தம்பிங்களா, ஒவ்வொரு கோப்புக்குள்ளயும் நோயாளி எண் இருக்கு. அதை வச்சு, ஒருத்தரோட படமெல்லாம் ஒரே பக்கம் வர்ற மாதிரி பிரிச்சு, திரும்ப ஓட்டிட்டு வாங்க. 99 குறைஞ்சா குறையட்டும்.