7 ரயில் முடியும் இடம்: ஃபிளஷிங் நாட்குறிப்பு

16 செப்டம்பர் 2024, திங்கள்

நியூயார்க் வந்து அக்கா மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். வீடு ஜாக்சன் ஹைட்ஸில். "சைனா டவுன் பார்க்கணும்னா மன்ஹாட்டனுக்கு ஓடாதீங்க மாமா. 7 ரயில்ல ஏறி, கடைசி ஸ்டாப்ல இறங்குங்க. பசியோட போங்க" என்றான்.

கடைசி நிறுத்தம் ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட். ஃபிளஷிங் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறது. அதுவரை தெருக்களுக்கு மேலே பாலத்தில் ஓடிய ரயில், முடியும் இடத்தில் தரைக்கடியில் புகுந்து நிற்கிறது. படியேறி வெளியே வந்தால் ஒரு நொடி நின்று திசை பார்க்க முடியாது, பின்னால் வரும் கூட்டம் தள்ளிக்கொண்டே போய்விடும். லகார்டியா விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் சக்கரம் தெரியும் அளவுக்குத் தாழப் பறக்கின்றன. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மன்ஹாட்டனின் பழைய சைனா டவுன் தென் சீன மொழியான கான்டனீஸ் பேசுபவர்கள் கட்டியது. 1970களில் தைவானிலிருந்து வந்தவர்கள் மாண்டரின் என்ற வேறொரு சீன மொழி பேசினார்கள், அங்கே அவர்களுக்கு ஒட்டவில்லை. அந்தச் சமயம் நகரமே திவாலாகும் நிலையில் இருந்தது. ஃபிளஷிங்கில் கடைகள் காலியாகக் கிடந்தன, வாடகையும் குறைவு. வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச காலம் இதற்கு, தைவான் தலைநகரை வைத்து, 'குட்டி தைபே' என்றே பெயர். அப்புறம் சீனப் பெருநிலத்திலிருந்து ஃபூஜியான், வென்ஜோ, வடகிழக்கு மாகாணங்கள் என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே இது தெரியும் என்கிறான் மருமகன். பழைய கடைகளில் கோடுகள் நெருக்கமான பழைய எழுத்து. புதிய கடைகளில் பெரும்பாலும் சீன அரசு எளிமையாக்கிய எழுத்து. எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் சொன்னபிறகு வித்தியாசம் கண்ணில் படுகிறது.

நியூ வேர்ல்டு மால் அடித்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள். ஒருவர் மாவை இரு கையாலும் இழுத்து, பலகையில் அடித்து, நூடுல்ஸ் ஆக்குகிறார். அடுத்த கடையில் சிச்சுவான் சமையல். அதிலுள்ள மிளகு காரமில்லை. பல் டாக்டர் ஊசி போட்டதுபோல உதடும் நாக்கும் மரத்துப்போகின்றன. அதற்குமேல் என்ன சாப்பிட்டேன் என்று என்னால் சாட்சி சொல்ல முடியாது.

17 செப்டம்பர், செவ்வாய்

இன்று சீனர்களின் நடு இலையுதிர் காலப் பௌர்ணமி விழா. பேக்கரி வாசல்களில் மூன் கேக் தகர டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருக்கின்றன. தாமரை விதை விழுது, நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. திகட்டுகிறது. வாங்குபவர்களில் பாதிப்பேர் தாங்கள் தின்ன வாங்குவதாகத் தெரியவில்லை, அடுத்தவருக்குக் கொடுக்கத்தான். நம் ஊர் தீபாவளி ஸ்வீட் பாக்ஸுக்கு நேரும் கதிதான் இதற்கும்.

18 செப்டம்பர், புதன்

மருமகனின் மனைவி காய்கறிப் பட்டியல் கொடுத்தனுப்பினாள். பாகற்காய், பீர்க்கங்காய், சேப்பங்கிழங்கு, சிவப்புத் தண்டுக்கீரை, வெண்பூசணி. எல்லாமே மெயின் ஸ்ட்ரீட் சீனக் கடைகளில் கிடைத்தன, வாடாமல் புதிதாக. பாகற்காயில் இரண்டு வகை: அவர்களுடைய வெளிறிய வழவழப்பான வகை ஒன்று, நம்முடைய முள் பாகல் ஒன்று. பக்கத்தில் பாகல் பொறுக்கிக்கொண்டிருந்த சீனப் பாட்டி நான் எடுத்ததைப் பார்த்துத் தலையாட்டி, என் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, வேறொன்றைப் போட்டார். பேச்சே இல்லை.

மருந்துக் கடைகளில் உலர்ந்த கடல் அட்டை, காளான், ஜாடி ஜாடியாக ஜின்செங் வேர். இந்த ஜின்செங்கில் ஒரு பகுதி அமெரிக்காவிலேயே விஸ்கான்சின் மாநிலத்தில் விளைவது. சீனாவிலிருந்து வரும் உறவினர்கள் ஊருக்குப் பரிசாக அதைத்தான் வாங்கிப் போகிறார்களாம்.

19 செப்டம்பர், வியாழன்

இன்று பௌன் தெருவை நடந்தே கடந்தேன். இந்த ஒரு தெருவுக்காகவே ஃபிளஷிங் வரலாம்.

வடக்கில் ஒரு பழைய மரவீடு. 1661-இல் ஜான் பௌன் கட்டியது. ஊர் அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. பெயரும் அவர்களுடைய விலிசிங்கன் துறைமுகத்தின் பெயர்தான், ஆங்கில வாயில் ஃபிளஷிங் ஆகிவிட்டது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபடக் கூடாது என்று தடை போட்டிருந்தார். 1657 டிசம்பரில் ஊர்க்காரர்கள் 30 பேர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை. யூதர், துருக்கியர், எகிப்தியருக்கும் இந்தச் சுதந்திரம் உண்டு என்று அதில் எழுதியிருந்தார்கள். மனு பலிக்கவில்லை, ஊர் அதிகாரிகளைக் கைது செய்தார்கள். பௌன் 1662-இல் தன் வீட்டிலேயே குவேக்கர் கூட்டத்துக்கு இடம் கொடுத்துப் பிடிபட்டார், நாடு கடத்தப்பட்டார். ஹாலந்து போய் முறையிட்டு, விடுதலையாகித் திரும்பினார். ஸ்டைவசன்டுக்கு, ஊரை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிலிருந்து 'மக்களை அவரவர் மனசாட்சிக்கு விடு' என்ற தொனியில் கடிதம் வந்தது.

அதே தெருவில் தெற்கே நடந்தால் வீடுகளுக்கு நடுவே ராஜகோபுரம். மகா வல்லப கணபதி தேவஸ்தானம். 1970-இல் அழகப்பா அழகப்பன் முன்கை எடுத்துத் தொடங்கியது. 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு. இடம் முன்பு ஒரு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். 2022 முதல் இந்தப் பகுதிக்கு 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்றும் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள்.

அடித்தளத்தில் காண்டீன். டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். நெய் ரோஸ்ட் நன்றாகவே இருந்தது, சாம்பாரில் மட்டும் கொஞ்சம் இனிப்பு. எதிர் மேசையில் ஒரு சீனக் குடும்பம். சிறுவன் சட்னியை மட்டும் தனியாகத் தின்றுகொண்டிருந்தான். அவர்கள் மேலே சன்னிதிக்குப் போனதாகத் தெரியவில்லை. போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதாகவும் தெரியவில்லை. சுற்றுலாச் சுவரொட்டிகளில் எல்லா நிறத்தவரும் கைகோத்து நிற்பார்கள். இங்கே கைகோப்பதை நான் பார்க்கவில்லை. ஒருவர் கடை வரிசையில் மற்றவர் நிற்கிறார், அவ்வளவுதான். எனக்கு இதுவே நம்பும்படியாக இருக்கிறது.

21 செப்டம்பர், சனி

மருமகனுக்கு விடுமுறை, கூட வந்தான். லூயிஸ் லாட்டிமர் வீட்டைப் பார்த்தோம். கிரஹாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்குப் படம் வரைந்தவர், மின்விளக்கின் கார்பன் இழையை மேம்படுத்தியவர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் மகன். 1928-இல் இறக்கும்வரை ஃபிளஷிங்கில்தான் வாழ்ந்தார். வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும் 1988-இல் அப்படியே பெயர்த்து இப்போதைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

யூனியன் தெருவில் ஒரு காலத்தில் கொரியக் கடைகள்தான் அதிகமாம். இப்போது சீனக் கடைகள் பெருகி, கொரியர்கள் நார்தர்ன் பொலிவார்ட் வழியே கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆற்றுப் பக்கம் கண்ணாடி அடுக்குமாடிகள் எழும்புகின்றன. மெயின் ஸ்ட்ரீட் காய்கறிக் கடையில் பெட்டி தூக்குபவருக்கு அங்கே வீடு கிடைக்காது என்பதைச் சொல்ல யாரும் தேவையில்லை.

மதியம் ஒரு யான்பியன் உணவகம். யான்பியன் சீனாவின் வடகிழக்கில், கொரிய எல்லையை ஒட்டியது. அங்கேயே தலைமுறைகளாக வாழும் கொரியர்களின் சமையல். பரிமாறிய அம்மா எங்களுக்கு அடுத்த மேசையில் மாண்டரின் பேசினார், அதற்கடுத்த மேசையில் கொரிய மொழி, எங்களிடம் விரல். ஆட்டிறைச்சியைக் கம்பியில் கோத்து, சீரகமும் மிளகாய்த்தூளும் அள்ளித் தூவிச் சுட்டுத் தருகிறார்கள். சீரகம் கைநிறைய. "மாமா, இது நம்ம மசாலாதான்" என்று மருமகன் சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டுக்கு விரல் காட்டினான்.