கழற்றிய சீற்றைக் கேட்டு வந்தவர்கள்

வன்னியில் ஒரு வீட்டுக் கூரையில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா என்று பெரிதாக ஆராயத் தேவையில்லை. சாம்பல் நிறத்தில், நெளி நெளியாக, பாசி பிடித்த பழைய சீற் (கூரைத் தகடு) என்றால் அநேகமாக அதுதான். எங்கள் வீடு ஒட்டுசுட்டான் பக்கம், 2009க்குப் பிறகு திரும்பி வந்து கட்டியது. பெரிய வீட்டுக்குப் புது அஸ்பெஸ்டஸ் சீற் போட்டோம். பின்னாலிருக்கிற குசினிக்கு, இடிந்த கட்டடங்களில் பொறுக்கிய சீற். போரில் எறிகணைத் துண்டு பட்ட ஓட்டைகளை அப்பா தாரும் சீலையும் வைத்து அடைத்திருந்தார். ஓடு போட்டிருக்கலாமே என்பீர்கள். ஓடுகளை எங்கள் ஊர்க் குரங்குகள் விட்டுவைக்காது.

குசினிச் சீற் விளிம்புகளில் உதிரத் தொடங்கியது. அடுப்படியில் சாம்பல் நிறத் தூள் விழுந்து கிடப்பதை அம்மா தும்புத்தடியால் கூட்டித் தள்ளுவார். அதைப் பார்த்த பிறகுதான் கழற்றுவது என்று முடிவெடுத்தேன்.

பெரிய வீட்டில் கை வைக்கவில்லை. சீற்றில் சீமெந்தோடு கலந்திருக்கும் அஸ்பெஸ்டஸ் நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சீற் முழுசாக இருக்கும்வரை அந்த நாரைச் சீமெந்து பிடித்து வைத்திருக்கும். வெட்டினால், துளைத்தால், உடைத்தால், சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கிளம்பி நுரையீரலுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். ஆகவே நல்ல சீற்றைப் பயத்தில் கழற்றப் போவதுதான் கூடுதல் ஆபத்து. மாரிக்கு முன்னர் கம்பி பிரஷ் வைத்துப் பாசி சுரண்டுகிறார்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும்.

வேலைக்கு வந்த மேசன் அண்ணை சிரித்தார். "இருபது வருசமா கிரைண்டரால சீற் வெட்டுறன் தம்பி. எனக்கென்ன நடந்தது?" சிக்கலே அதுதான். இந்த நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் தலைகாட்ட இருபது, நாற்பது வருடம்கூட ஆகலாம். உலக சுகாதார நிறுவனம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் புற்றுநோய் தருவது என்றே சொல்கிறது, இலங்கைக்கு வரும் வெள்ளை வகை உட்பட. 2018 தொடக்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலையில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்புவதில் பெரிய பங்கு ரஷ்யாவுக்கு. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலை மறுபடி கப்பலேறியது. இந்தக் கதையைச் சொன்னதும் அண்ணை கொஞ்சம் யோசித்தார். கிரைண்டர் வீட்டிலேயே நிற்கட்டும் என்று பேசி முடித்தோம்.

கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் துணி மாஸ்க்கும் இதற்குச் சரிவராது. இரண்டு பக்கமும் நுண்தூசி வடிகட்டி உள்ள ரப்பர் மாஸ்க் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். தாடி இருந்தால் ஓரத்தால் காற்று புகுந்துவிடும், அண்ணை தாடி வழித்துவிட்டு வந்தார். இதற்காக அவருக்குத் தனியாக ஒரு நாள் கூலி கொடுத்திருக்க வேண்டும்!

காற்றில்லாத விடியற்காலையில் தொடங்கினோம். அம்மாவையும் பிள்ளைகளையும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குசினிச் சாமான்களை வெளியே எடுத்து, நிலத்தில் தடித்த பொலித்தீன் விரித்தோம். வயலுக்கு மருந்தடிக்கும் தாங்கியை இதற்கு எடுக்க வேண்டாம், என்னதான் கழுவினாலும் நஞ்சு மிச்சமிருக்கும். புதுக் கைத்தெளிப்பான் ஒன்றில் தண்ணீரும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சீற்றை நன்றாக நனைத்தோம். ஈரத்தில் தூள் எழும்பாது. ஆனால் ஈரச் சீற் வழுக்கும், பழைய சீற் ஆளின் பாரத்தையும் தாங்காது. சீற் உடைந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. அதனால் ஒருவரும் மேலே ஏறவில்லை, எல்லாம் ஏணியில் நின்றுதான். கொக்கி ஆணிகளின் நட்டைக் கழற்றி, துருப்பிடித்ததைக் குறட்டால் வெட்டி, முழுச் சீற்றாகவே இருவர் பிடித்து இறக்கினோம். எறியவுமில்லை, உடைக்கவுமில்லை. உடைந்திருந்த துண்டுகளை நனைத்துப் பொறுக்கினோம். கைமரங்களையும் நிலத்தையும் ஈரத்துணியால் துடைத்தோம், தும்புத்தடி பக்கம் போகவில்லை. போட்டிருந்த உடுப்பையும் துணிகளையும் சீற்றோடு சேர்த்துப் பொலித்தீனில் இரண்டு சுற்றாகச் சுற்றி ஒட்டிவிட்டு, கிணற்றடியில் தலைமுழுகினோம்.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான். செய்தி பரவிவிட்டது. முதலில் பக்கத்து வளவு மாமி வந்தார். "சுத்தி வச்சு என்னடா செய்யப் போறாய்? எங்கட கோழிக்கூட்டுக்குத் தாவன்." அடுத்தவருக்கு மாட்டுக்கொட்டிலுக்கு, இன்னொருவருக்குக் கிணற்றைச் சுற்றி மறைக்க. இது பேராசை இல்லை. இடம்பெயர்ந்தபோது கூரையைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, போன இடமெல்லாம் இறக்கி ஏற்றிய சனம் நாங்கள். எங்கள் ஊரில் ஒரு சீற் என்பது ஒரு கொட்டில். அதை மண்ணில் புதைக்கப் போகிறேன் என்பவனைத் திமிர் பிடித்தவன் என்றுதான் நினைப்பார்கள். மாமி ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. "கோழிக்கு ஒண்டும் ஆகாது மாமி, ஆனா கூடு கூட்டுறது நீங்கள்" என்று சொன்ன பிறகு கொஞ்சம் இறங்கினார். கடைசியில் அவருக்கு இரண்டு தகரம் வாங்கிக் கொடுத்தேன். மறுப்பதென்றால் பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும்.

எங்கே போடுவது என்று ஒரு அலுவலகத்தில் கேட்டேன். குப்பை உழவு இயந்திரம் வரும்போது ஏற்றிவிடச் சொன்னார்கள். உடைத்துத்தானே ஏற்றுவார்கள்! எரிப்பதும் சரியில்லை: சூட்டில் சீற் படபடவென்று வெடிக்கும், நாரும் எரிந்து போகாது. முறையான குப்பைக்கிடங்கு கிடைக்கிறவர்கள் அங்கேயே கொண்டுபோகட்டும். நாங்கள் வளவின் பின்மூலையில், கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் தள்ளி, ஆள் நெஞ்சளவு குழி வெட்டிப் புதைத்தோம். எங்கள் பக்கம் ஆழமாகக் குழி வெட்டுவதற்கு முன் கண்ணிவெடி அகற்றிய காணியா என்று உறுதிசெய்யாமல் மண்வெட்டி எடுப்பதில்லை. எங்களுடையது அகற்றிய காணி. மேலே சீமெந்துக் கல் பதித்து, காணிப் படத்தின் நகலில் இடத்தைக் குறித்து, காணி உறுதிப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது அங்கே மலசலகூடக் குழி வெட்டக்கூடாது.

குசினிக்கு இப்போது சிங்க்-அலுமினியத் தகரம். மத்தியானத்தில் சூடு தாங்கவில்லை என்று அம்மா திட்டுகிறார், அது உண்மைதான். மேலே கிடுகு பரப்பியதில் கொஞ்சம் குறைந்தது. பெரிய வீட்டில் முகட்டோரம் ஒரு சீற்றில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. இப்போதைக்கு ஏணியில் நின்று அதன்மேல் பெயின்ற் பூசியிருக்கிறேன். அடுத்த அறுவடைக் காசு வந்ததும் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று மேசன் அண்ணையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.